ஷட்டருக்கும் வீட்டுக்கும் இடையில்

இரவுக் கடை வேலையில் ஆபத்து அதிகமான நேரம் ஷட்டர் பாதி இறங்கும்போது தொடங்கி, ஊழியர் வீட்டுக் கதவைத் தட்டும்போது முடிகிறது. கல்லாவை எண்ண வேண்டும், விளக்குகளை அணைத்துப் பூட்ட வேண்டும், பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும், வருகிற பஸ்ஸையோ ஷேர் ஆட்டோவையோ பிடிக்க வேண்டும், இறங்கி மறுபடி நடக்க வேண்டும். பணப் பறிப்பும் பின்தொடர்தலும் விபத்தும் பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் நேர்கின்றன. முதலாளியின் கணக்கில் அது வேலை நேரமே இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் கடை ஊழியர்களுக்காகச் சங்க வேலை பார்த்தவர்கள் எழுதிய மனுக்கள் எத்தனையோ விதம். அத்தனையின் சாரமும் ஒன்றுதான்: அந்த ஒரு மணி நேரமும் கடையின் பொறுப்பில் சேர வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கென்று சில தன்மைகள் உண்டு. தியாகராய நகர் ஜவுளிக்கடைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து ஆள் வந்து விடுதியில் தங்கி வேலை செய்வது பழக்கம். வடசென்னைக் கடைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கும் பெண் காசிமேட்டிலிருந்து வருவார். திருவொற்றியூர் நெடுஞ்சாலை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பையன் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலிருந்து வருவான். விடுதியின் கெடுபிடி இவர்களுக்கு இல்லை. பதிலாக, தினமும் இரவு வீடு திரும்ப வேண்டும். திரும்பும் வழியோ துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வழி. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டால், சாலையோரம் நடப்பவர் இந்தப் பக்கம் யார் கண்ணிலும் பட மாட்டார். நகரின் மற்ற பகுதிகளில் போக்குவரத்து நெரிசல் தாமதத்தைத்தான் தரும். இங்கே அது மறைவையும் தருகிறது.

தொழிற்சங்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தலைமையேற்ற அந்தச் சங்கத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். அந்த மரபு ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேரூன்றிய அளவுக்குக் கடைகளுக்குள் நுழையவில்லை. ஆலை வாசலில் ஒரே சங்கொலிக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே வருவார்கள். கடையில் வேலை செய்பவர்கள் ஐந்தாறு பேர். முதலாளி ‘அண்ணாச்சி’, ஊழியர் ‘தம்பி’. தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் அவர்தான். அவரிடம் எழுத்தில் ஒன்றைக் கேட்டால் நன்றி கெட்ட செயலாகவே பார்க்கப்படும். கடை ஊழியர் மனு என்ற வேலையின் முதல் சிக்கல் சட்டம் தெரியாதது அல்ல, இந்த உறவுதான். இதை ஓரங்கட்டிவிட்டு எழுதிய மனு எதுவும் உருப்படவில்லை.

1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று வகுத்தது. கடை திறக்கவும் மூடவும் நேரம் குறிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. மூடும் நேரம் வெகுகாலம் இரவு 10 மணியாக இருந்தது. சட்டத்தில் எழுதப்படாத ஒரு பாதுகாப்பையும் இந்த விதி கூடவே கொடுத்தது. தெருவில் எல்லாக் கடையும் ஏறக்குறைய ஒன்றாக மூடின. எல்லா ஊழியரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருந்தது. பின்னாளில் கடைக்குக் கடை மூடும் நேரம் மாறியதும் இந்தத் துணை கலைந்தது. கடைசியாக மூடும் கடையின் ஊழியர் தனியாக நடக்க வேண்டியதாயிற்று. தெருவின் மற்ற கடைகள் எப்போது மூடுகின்றன என்பதையும் விசாரிக்கும் வழக்கம் அமைப்பாளர்களிடம் இதனால்தான் வந்தது.

ஆரம்பகால மனுக்களில் ‘இரவில் தகுந்த பாதுகாப்பு அளிக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். முதலாளியின் பதிலும் ஒரே மாதிரி வரும்: “போலீஸ் ஸ்டேஷன் நாலு தெரு தள்ளித்தானே இருக்கு? நம்ம ஏரியாவுல நம்ம பசங்களை யார் என்ன பண்ணுவாங்க?” இதற்கு மறுமொழி சொல்ல முடியாது. பாதுகாப்பு என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே மறுத்துவிடலாம். அனுபவம் கற்றுத்தந்த மாற்று வழி நாற்பது பக்க நோட்டு. ஒரு மாதம் தினமும் எழுதுவது: ஷட்டர் இறங்கியது எத்தனை மணிக்கு, கணக்கு முடித்து வெளியே வந்தது எத்தனை மணிக்கு, கடைசியாகக் கிளம்பியது யார், எதில் போனார், வழியில் என்ன நடந்தது. மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்க்கும் முதலாளிக்கே சில சமயம் வியப்பு. பத்து மணிக்குக் கடை மூடுவதாக அவர் நம்பிக்கொண்டிருப்பார்; ஊழியர்கள் பத்தே முக்காலுக்கு வெளியே வந்துகொண்டிருப்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்குக் கூலியும் இல்லை, வழித்துணையும் இல்லை.

நோட்டிலிருந்து கோரிக்கை பிறக்கும்போது அது சின்னதாகவும் தெளிவாகவும் வருகிறது. கண்ணாடி முகப்பை மறைக்கும் சலுகை போஸ்டர்களை எடுத்தால் உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியும். வாசல் விளக்கு ஊழியர் போன பிறகு அணைய வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் கடையில் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. குப்பை கொட்டப் பின்வாசலைத் திறப்பதை இருட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். இவற்றில் பலவற்றுக்குச் செலவே இல்லை. உலகம் முழுவதும் இதே பட்டியல்தான். இரவுச் சில்லறைக் கடைகளுக்காக அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு 1998-ல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் வெளிச்சம், மறைக்கப்படாத கண்ணாடி, கல்லாவில் குறைந்த பணம் ஆகியவை இருக்கின்றன. புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரம் 1980-களிலேயே இரவில் கடைக்கு இரண்டு ஊழியர் இருக்க வேண்டும் என்று விதித்தது. முதலில் செலவில்லாததைக் கேட்டு வாங்குவது பழைய அமைப்பாளர்களின் முறை. ஒன்றைத் தந்து பழகிய முதலாளிக்கு அடுத்ததைத் தருவது எளிது.

பணம்தான் அடுத்த பெரிய பாடம். அதைக் கற்றுத்தந்தது டாஸ்மாக். 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசே ஏற்றபின், மேற்பார்வையாளர்களும் விற்பனையாளர்களும் நாள் வசூலைத் தங்கள் பொறுப்பில் வைத்துக் காக்க வேண்டியதாயிற்று. வங்கி திறந்திருக்காத நேரத்தில் கடை மூடும். பணம் கையில் இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற 2016 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2017-ல் ஏராளமான கடைகள் உள்ளடங்கிய இடங்களுக்குப் போயின. சாலை விபத்தைக் குறைக்க வந்த தீர்ப்பு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இல்லாத இடத்தில் கடை மூடும் நிலையைச் சில ஊழியர்களுக்குக் கொண்டுவந்தது. விற்பனைப் பணத்துக்காக ஊழியர்கள் தாக்கப்பட்ட சம்பவங்கள் மாநிலத்தில் பல இடங்களில் நடந்தன. வசூலைக் கடைக்கே வந்து எடுத்துச்செல்லும் ஏற்பாடு, கேமரா, பாதுகாப்புப் பெட்டகம் ஆகியவற்றைச் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்டன.

தனியார் கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் இதே பாடம் பொருந்தும். இரவு ஊழியரிடம் பணம் இருக்கிறது என்று தெரு அறிந்திருக்கும்வரை எந்தக் கேமராவும் அவரைக் காக்காது. ஆகவே மனுவில் இரண்டு வரிகள் நிரந்தரமாயின. மாலையிலேயே ஒருமுறை கல்லாவைக் காலிசெய்து பெட்டகத்தில் போட வேண்டும்; சாவி இரவு ஊழியரிடம் இருக்கக் கூடாது. வசூலை வீட்டுக்கோ முதலாளி வீட்டுக்கோ எடுத்துச் செல்வது ஊழியரின் வேலையாக இருக்கக் கூடாது. யுபிஐ வந்தபின் கல்லாவில் ரொக்கம் குறைந்தது. இந்தக் கோரிக்கைக்கு ஒப்புக்கொள்வது முதலாளிகளுக்கும் எளிதாயிற்று.

இதோடு ஒட்டியது பிடித்தம். திருட்டோ பறிப்போ நடந்தால் அந்தத் தொகையைச் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் பல கடைகளில் இருந்தது. ஒப்படைத்த பணமோ பொருளோ ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக இழப்பானால் மட்டுமே பிடித்தம் செய்யலாம், அதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது கூலிச் சட்டத்தின் நெடுநாள் கொள்கை. கத்தி முனையில் போன பணம் கவனக்குறைவில் சேராது. பிடித்தம் இருக்கும் கடையில் ஊழியர் திருடனை எதிர்த்து நிற்பார். சம்பளம் போகுமே என்ற பயம் உயிர்ப் பயத்தை மிஞ்சிவிடும். ‘பறிப்பு நடந்தால் எதிர்க்க வேண்டாம், தொகை பிடிக்கப்படாது’ என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கிக் கல்லா அருகே ஒட்டுவது விலையில்லாத பாதுகாப்பு. பறிகொடுத்த பணத்தைவிட ஆஸ்பத்திரிச் செலவு பெரியது என்று எடுத்துச் சொன்னால் கணக்குத் தெரிந்த முதலாளி ஒப்புக்கொள்வார்.

பெண்களின் இரவுப் பணி தனி வரலாறு. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யத் தடைவிதித்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் செல்லாது என்று அறிவித்தது. பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னது. இரவு வேலைக்கு உரிமை உண்டு, அதைப் பாதுகாப்பாகச் செய்யவைக்கும் கடமை முதலாளிக்கு என்ற இரட்டைக் கொள்கை அப்போதே வந்துவிட்டது. அதன் வெளி எல்லை எங்கே என்பதைத் துயரச் சம்பவங்கள் காட்டின. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குக் கிளம்பிய கால் சென்டர் ஊழியர் ஒருவர், நிறுவனக் கார் ஓட்டுநர் என்று சொல்லி வந்தவனால் கொல்லப்பட்டார். அந்த நிறுவன நிர்வாகி மீது கர்நாடகக் கடைகள் சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கை ரத்துசெய்ய 2008-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2014 பிப்ரவரியில் சென்னையை அடுத்த சிறுசேரியில், இரவு வேலை முடிந்து அலுவலகத்திலிருந்து பஸ்ஸுக்கு நடந்த இளம் பொறியாளர் கொல்லப்பட்டார். இரண்டு பேரும் அலுவலகத்துக்குள் இல்லை, வழியில் இருந்தார்கள். கணினி நிறுவனங்கள் கார் ஏற்பாட்டை இறுக்கின. அதே நேரத்தில் கடை முடித்து வீடு போன விற்பனைப் பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

2019 மே மாதம் தமிழ்நாடு அரசு, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. மூன்றாண்டுக்கு என்று வந்த அனுமதி 2022-லும் 2025-லும் நீட்டிக்கப்பட்டது. வணிகர்கள் அனுமதியைப் படித்தார்கள். சங்கக்காரர்கள் நிபந்தனைகளைப் படித்தார்கள். சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. எழுத்துமூலம் சம்மதம் பெற்று, அவர்களின் கண்ணியத்துக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பாடு செய்தபின் 8 மணி முதல் காலை 6 மணி வரை பணியில் அமர்த்தலாம். ஷிஃப்டில் வேலை செய்யும் பெண்களுக்கு வாகன வசதி வேண்டும். அந்த வசதி இருப்பதை முதன்மை வாசலில் அறிவிக்க வேண்டும். ஓய்வறை, கழிப்பறை, பொருள் வைக்கும் பெட்டி, பாலியல் தொல்லை புகார்க் குழு ஆகியவை வேண்டும். கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக் கூடாது. கடையின் கடமை ஷட்டரைத் தாண்டிச் சாலைக்கு வந்தது இந்த ஆணையில்தான்.

ஆணை வந்ததும் நடைமுறையில் ஒரு குறுக்குவழியும் வந்தது. வேலைக்குச் சேரும் நாளிலேயே, ஆதார் நகலோடும் வங்கிக் கணக்குத் தாளோடும் சேர்த்து, சம்மதப் படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எதற்கு என்று கேட்டால் “ஃபார்மாலிட்டிம்மா” என்று பதில் வரும். இதற்கு அமைப்பாளர்கள் கண்ட வழி, சம்மதத்தை மறுப்பதில் இல்லை. மறுத்தால் வேலை போகும், கூடுதல் கூலியும் போகும். சம்மதத்தோடு நிபந்தனையை எழுதுவதுதான் வழி. ‘வீடு வரை வாகனம் தரப்படும் நாட்களில் எனக்குச் சம்மதம்’ என்ற ஒரு வரி போதும். வாகனம் வராத நாளில் சம்மதமும் இல்லை. ஒருவர் எழுதினால் அடம்; கடையின் எல்லாப் பெண்களும் ஒரே வாசகத்தை எழுதினால் ஏற்பாடு.

பத்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள கடைகள் இந்த ஆணைக்குள் வருவதில்லை. மருந்துக்கடை, மொபைல் கடை, பேக்கரி பெரும்பாலும் அந்த வகை. அங்கே பாலியல் தொல்லை புகாருக்கும் கடைக்குள் குழு இராது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் அமைக்கப்படும் குழுவிடம்தான் போக வேண்டும். முதலாளி தரும் வாகனத்தையும் பணியிடமாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. வேன் ஓட்டுநரின் தொல்லைக்கும் முதலாளி பதில்சொல்ல வேண்டும் என்பதால், ஓட்டுநரின் உரிமம், வண்டி எண், பெண்கள் இறங்கும் வரிசை ஆகியவற்றை மனுவிலேயே கேட்பது நல்லது.

சின்னக் கடை தனி வேன் வைக்க முடியாது என்பது உண்மை. வடசென்னையில் பலன் தந்த ஏற்பாடுகள் எளியவை. ஒரே பக்கம் போகிறவர்களை ஒரே ஷிஃப்டில் போடுவது. ஒரு தெருவின் நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோவை மாதக் கணக்கில் பேசுவது. கடைசி வண்டிக்கு ஏற்ப ஷட்டர் நேரத்தை மாற்றுவது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதும் இந்த மூன்றாவது வழி வலுப்பெற்றது. கடைசி ரயில் 11 மணி வாக்கில் என்றால், கல்லா கணக்கைப் பத்தேகாலுக்குள் முடிக்கும்படி வாடிக்கையாளரை உள்ளே விடுவதை முன்கூட்டியே நிறுத்தலாம். ஆனால் மெட்ரோ விம்கோ நகரோடு நிற்கிறது. கத்திவாக்கத்துக்கும் எண்ணூருக்கும் போகிறவருக்கு அதன்பிறகுதான் சிரமமே. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதைக் காட்டி “பஸ் ஃப்ரீதானேம்மா” என்று முதலாளி சொல்வதுண்டு. இரவு பத்தரைக்கு இல்லாத பஸ் இலவசமாக இருந்து பயனில்லை என்பதை நோட்டிலுள்ள காத்திருப்பு நேரமே சொல்லிவிடும்.

மனுவை யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பவையும் தொழில் நுணுக்கங்களே. கடையில் மூத்தவர், முதலாளியோடு நேரடியாகப் பேசக்கூடியவர், பெரும்பாலும் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண், முன்னே நிற்பது நல்லது. கையொப்பங்கள் அகரவரிசையில் இருந்தால் தூண்டிவிட்டது யார் என்ற விசாரணைக்கு இடமில்லை. ஃப்ளோர் மேனேஜரைத் தாண்டிப் போனால் அவர் பகையாவார். அவரிடமே முதல் பிரதியைக் கொடுத்து, “சார், நீங்களே முதலாளிகிட்ட பேசுங்க” என்று விட்டால் பாதி வேலை முடியும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் முதலாளிக்கு ஆள் தேவை அதிகம், கடை மூடும் நேரமும் தள்ளிப்போகும். கேட்க ஏற்ற காலம் அது. பெற்றுக்கொண்டதற்குப் பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம்.

மனு கொடுத்தவரை வேலையைவிட்டு நிறுத்துவது நடப்பதுதான். கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவு இதற்கு ஓரளவு தடை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமின்றி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இன்றி நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. ஆனால் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். சம்பளம் கையில் வாங்குகிறவரிடம் சான்று இருக்காது. கூலியை வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்ற 2019 ஆணையின் நிபந்தனை இங்கே எதிர்பாராத உதவி; வங்கிப் பதிவே வேலைச் சான்று. ஆறு மாதம் நிறையாதவரிடம் மனுவில் கையெழுத்து கேட்காமல் இருப்பதும் அமைப்பாளர்களின் வழக்கம்.

வழியில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி நெடுங்காலம் ஊழியருக்குப் பாதகமாகவே இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த காயம் பணிக்காயம் ஆகாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு இஎஸ்ஐ வழக்கில் சொன்னது. 2010-ல் இஎஸ்ஐ சட்டம் திருத்தப்பட்டு, வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான பயண விபத்து பணியோடு சேர்க்கப்பட்டது. 2025 ஜூலையில், அதிகாலை மூன்று மணிப் பணிக்குப் போகும் வழியில் இறந்த மகாராஷ்டிரச் சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே கொள்கை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கன்டெய்னர் லாரிச் சாலையில் நடக்கிறவர்களுக்கு இது ஏட்டுச் சட்டமல்ல. இஎஸ்ஐ எண் உண்டா என்ற கேள்வி இரவுப் பாதுகாப்பு மனுவில் இடம்பெற வேண்டிய காரணம் இதுதான். விபத்து நடந்தால் வேலை முடித்துக் கிளம்பிய நேரத்துக்குச் சாட்சியாக நிற்பது அந்த நாற்பது பக்க நோட்டு.

முதலாளியின் கையில் இல்லாதவையும் உண்டு. எரியாத தெருவிளக்குக்கு மாநகராட்சியின் 1913 எண்ணிலும் மண்டல அலுவலகத்திலும் புகார் போக வேண்டும். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தபின் இந்தப் பகுதிகளுக்கும் அதுவே வழி. ஊழியர் தனியாகக் கொடுக்கும் புகாரைவிட, கடையின் பெயர்த்தாளில் முதலாளி கையெழுத்தோடு போகும் புகாருக்கு வேகம் அதிகம். ஆகவே ‘நீங்கள் விளக்குப் போடுங்கள்’ என்பதோடு ‘எங்களுக்காக நீங்கள் எழுதுங்கள்’ என்பதும் கோரிக்கையில் சேர்கிறது. இதை எந்த முதலாளியும் மறுப்பதில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் இருட்டில் வீடுகளைவிட்டு ஓடினார்கள். இந்தப் பகுதி மனுக்களில் வேறெங்கும் தேவைப்படாத ஒரு வரி வேண்டும் என்பதை அந்த இரவு உணர்த்தியது. வாயுக் கசிவோ வெள்ளமோ என்றால், முதலாளியின் போன் அழைப்புக்குக் காத்திராமல் கடையை மூடிக் கிளம்பும் அதிகாரம் பணியிலிருக்கும் மூத்த ஊழியருக்கு இருக்க வேண்டும். அன்றைய விற்பனை இழப்புக்கு அவரைக் கேள்வி கேட்கக் கூடாது.

ஒப்புக்கொண்டதைக் காப்பது கேட்டு வாங்குவதைவிடக் கடினம். முதல் மாதம் ஒழுங்காக வரும் வேன் நாளடைவில் சீசனுக்கு மட்டும் வரும். கேமரா பழுதானால் அப்படியே கிடக்கும். வாசலில் மறுபடி போஸ்டர் ஏறும். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண்கள் கழிப்பறைக்கும் உட்கார நாற்காலிக்கும் பல ஆண்டு போராடி 2018-ல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். 2021-ல் தமிழ்நாடும் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று திருத்தியது. நாற்காலி வந்த பிறகும் உட்கார்ந்தால் முறைக்கும் மேற்பார்வையாளர்கள் உண்டு. அதனால் நல்ல மனுவின் கடைசி வரி எப்போதும் ஒரு தேதி: மூன்று மாதம் கழித்து இன்ன நாளில் நிர்வாகமும் ஊழியர்களும் உட்கார்ந்து பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. அந்தத் தேதிவரை நோட்டு எழுதுவது நிற்கக் கூடாது.

இப்போது வேலையின் வடிவம் மீண்டும் மாறுகிறது. நள்ளிரவிலும் மளிகை அனுப்பும் கிடங்குகளில் பொருள் எடுத்துக் கட்டுகிறவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள். கொண்டுபோய்க் கொடுப்பவர் யாருடைய ஊழியரும் அல்ல என்று சொல்லப்படுகிறவர். அங்கே மனுவை யாரிடம் கொடுப்பது என்பதே முதல் கேள்வி. ஒப்பந்ததாரர், கிடங்கை நடத்தும் நிறுவனம், இரண்டு பேருக்கும் பிரதி அனுப்புவது இன்றைய நடைமுறை. மற்றபடி பட்டியல் பழையதுதான்: வெளிச்சம், துணை, பணம், வாகனம், பிடித்தம், இஎஸ்ஐ எண், சரிபார்க்கும் தேதி.